ஸ்டெல்லாவின் மெதுவான கேசட்டுகள்

என் பிரியமுள்ள ஸ்டெல்லா புள்ளைக்கு,

இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக எழுதாமல் வைத்திருந்த கடிதம் இது. எழுத வைத்தது என் மகள் நிவேதா. பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போன மாதம் லீவுக்கு வந்தவள், சமையலறை மேடையில் போனைச் சாய்த்து வைத்து ஒரு பாட்டைப் போட்டாள். "இது நான் பொறக்கறதுக்கு முன்னாடி வந்த ஆல்பம்மா. ட்ரிப்-ஹாப்னு சொல்லுவாங்க. உனக்குப் புடிக்காது, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றாள்.

நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். முதலில் பழைய இசைத்தட்டு தேயும் கரகரப்பு. பிறகு சோம்பலாக நடந்து வரும் டிரம். பாடுகிற பெண் வாயைத் திறப்பதற்குள் அவள் பாடப்போகும் மெட்டை நான் முனகிவிட்டேன் புள்ள.

நிவேதா திகைத்துப்போனாள். "அம்மா! இது உனக்கு எப்படித் தெரியும்?"

"கம்பெனியில கூட வேலை செஞ்ச ஒருத்தி கேப்பா" என்றேன்.

ஒருத்தி. உன் பெயரைச் சொல்லாமல் அப்படிச் சொன்னது என் வாய்தான்.

திருப்பூரில் அந்தப் பனியன் கம்பெனியின் சாம்பிள் ரூமில் நாம் இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இரண்டு பேருக்கும் அவிநாசிப் பக்கம்தான் ஊர், ஒரே பஸ். நான் தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண். உன் அம்மா எங்களைப் போன்றவர்களின் தோட்டங்களில் களை எடுத்து உன்னையும் உன் அண்ணனையும் படிக்க வைத்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த உன் இங்கிலீஷைக் கேட்டால் மேனேஜரே சற்று நிமிர்ந்து உட்காருவார். ஆனால் என்னிடம் மட்டும், "கோகிலாங்க, இந்தக் கழுத்தளவு சரியாங்க பாருங்க" என்று ஒரு அடி தள்ளி நின்றே பேசுவாய். நம் ஊரில் எல்லோரும் எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுகிறோம். உன்னுடைய 'ங்க' அந்த 'ங்க' இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் வேண்டாம் என்று சொன்னதில்லை.

அதை மாற்றியது ஒரு கேசட். இங்கிலாந்திலிருந்து சரக்குப் பார்க்க வந்த ஒரு பெண்மணி, தையல்களைச் சோதிக்கும்போதெல்லாம் காதில் வாக்மேனை மாட்டியிருந்தாள். மற்றவர்கள் அவளுடைய செருப்பையும் தலைமுடியையும் வேடிக்கை பார்க்க, நீ மட்டும், என்ன கேட்கிறீர்கள் என்று கேட்டுவிட்டாய். ஊருக்குக் கிளம்பும் நாளில் அவள் இரண்டு கேசட்டுகளை உன் கையில் வைத்து, பிரிஸ்டல் என்ற தன் ஊரில் பிறந்த பாட்டு இது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானச் சோற்று வேளையில், உன் அண்ணன் வாங்கித் தந்த வாக்மேனில், ஆளுக்கு ஒரு காதாக மாட்டிக்கொண்டு கேட்டோம். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"பேட்டரி தீந்துபோச்சாட்ட இருக்குது ஸ்டெல்லா. இழுத்து இழுத்துப் பாடுது."

நீ சிரித்த சிரிப்பில் உன் காதிலிருந்தது கழன்று விழுந்தது. "இல்ல கோகி, அது அப்படித்தான் பாடுது. யாருக்கும் பயந்துக்கிட்டு அவசரப்படல பாரு."

கோகி! 'ங்க' எங்கே போயிற்று என்று நீயும் கவனிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து நீ எனக்குப் புள்ள, நான் உனக்குக் கோகி.

அதற்கு ட்ரிப்-ஹாப் என்று பெயர் இருப்பது நமக்குத் தெரியாது. 'மெதுவான கேசட்' என்போம். பத்து நாளில் எனக்கும் அந்தக் கிறுக்கு பிடித்தது. யாரோ எப்போதோ பாடி மறந்த இசைத்தட்டுகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்துப் புதுப்பாட்டு செய்திருக்கிறார்கள் என்று உறைத்தாளைப் படித்து நீதான் சொன்னாய். "நம்ம கட்டிங் வேஸ்ட்ட வெச்சுத் தெச்சாப்பல" என்றாய், வெட்டி மிஞ்சும் துணித் துண்டுகளைக் காட்டி. பாடும் பெண்ணின் குரல் அழுகிற குரல்தான். ஆனால் ஆறுதல் சொல்ல வா என்று யாரையும் கூப்பிடாத அழுகை. உனக்கு அது ஏன் அவ்வளவு பிடித்தது என்று அப்போது எனக்கு யோசிக்கத் தோன்றவில்லையே, ஏன்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஆல்பம் தேடிக் கோயம்புத்தூர் காந்திபுரம் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? பாட்டுப் பதிந்து தரும் கடையில் எப்படியோ ஒரு சிடி இருந்தது. கடைக்காரர் ஓட விட்டுக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு ரொம்பப் பணிவாக, "ஏனுங்க அம்மணி, இதுல பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?" என்றார். பதிந்து முடித்ததும் கேசட்டின் கடைசியில் பத்து நிமிடம் மிச்சம். "ரெண்டு சினிமாப் பாட்டுப் போட்டுத் தரட்டுங்களா?"

"வேண்டாமுங்க. காலியாவே இருக்கட்டும். முடிஞ்சா முடிஞ்ச மாதிரி இருக்கோணும்" என்றாய். பஸ்ஸில் அந்த வெற்று நாடாவையும் நீ கடைசிவரை கேட்டாய். ஒரு பாட்டை மட்டும் திருப்பிப் போடச் சொன்னால் உனக்குக் கோபம் வரும். முதலிலிருந்து வரவேண்டும், வரிசையாக வரவேண்டும்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரிந்ததுதான். என்றாவது யாராவது இதைப் படித்தால் தெரியட்டும் என்று எழுதுகிறேன். எனக்காகவும்தான்.

எங்கள் ஊர் நோம்பித் திருவிழாவுக்கு உன்னை வீட்டுக்கு வரச் சொன்னேன். என் தம்பி பெரிய ஸ்பீக்கர் வைத்த செட் வாங்கியிருந்தான். காதுக்குள் கேட்டதை ஒரு அறை முழுக்கக் கேட்க வேண்டும் என்று உனக்கு ஆசை. கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுக் கேட்கலாம் என்றேன். பச்சைச் சேலை கட்டி, ஒரு சீப்பு பழத்தோடு வந்தாய். சோறு வேகும்வரை கேட்போம் என்று போட்டோம். இரண்டாவது பாட்டு ஓடும்போது என் அம்மா உள்ளே வந்தார்.

"எந்தப் பக்கம் கண்ணு உங்க ஊடு?"

நீ மறைக்காமல் சொன்னாய். காலனியின் பெயரையும் சேர்த்தே சொன்னாய்.

அம்மா முகம் சுளிக்கவில்லை. குரலும் மாறவில்லை. "அப்படியா கண்ணு. உள்ள புழுக்கமா இருக்குது பாரு, வெளிய காத்தோட்டமா உக்காந்துக்க" என்றார். உனக்குக் காப்பி வந்தது, தோட்டத்து ஆட்களுக்கென்று தனியே வைத்திருந்த கண்ணாடி டம்ளரில். என் கையில் எவர்சில்வர் டம்ளர்.

நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்த டம்ளரை நான் வாங்கிக்கொண்டு என்னுடையதை உன்னிடம் கொடுத்திருக்கலாம். உன்னோடு எழுந்து வெளியேயாவது வந்திருக்கலாம். நான் ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்றேன் புள்ள. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ காப்பியை ஒரு சொட்டு வைக்காமல் குடித்தாய். குழாயடியில் டம்ளரைக் கழுவிக் கல்லின் மேல் கவிழ்த்தாய். கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு வாசலிலிருந்தே சொன்னாய்:

"நான் வாரேனுங்க."

சோற்றுக்கு நிற்கச் சொல்லி உன்னை யாரும் கூப்பிடவில்லை. அந்த 'ங்க'வை நீ அதற்குப் பிறகு என்னிடமிருந்து எடுக்கவே இல்லை. மறுநாள் சாம்பிள் ரூமில் "கோகிலாங்க, ஊசி இருக்குதுங்களா?" என்று கேட்டாய். அதே சிரிப்பு, அதே வேலை. வாக்மேனின் இரண்டு முனையும் உன் காதிலேயே இருந்தன.

நாலு மாதத்தில் எனக்குக் கல்யாணம் ஆகி ஆனைமலைப் பக்கம் போய்விட்டேன். மண்டபத்துக்கு வந்தாய். மூன்று ஆல்பங்களையும் கேசட்டில் பதிந்து, பாட்டுகளின் பெயரைக் குண்டு குண்டுத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாய். பந்தி பக்கம் எட்டிப் பார்க்காமல் போய்விட்டாய். நான் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த வருடம் கம்பெனித் தோழி ஒருத்தி போனில் சொன்னாள். உனக்கு மஞ்சள்காமாலை, மூன்று வாரம், முடிந்துவிட்டது. எனக்கு அப்போது எட்டாம் மாதம். வயிற்றுப் பிள்ளைக்காரி துக்க வீட்டுக்குப் போகக்கூடாது என்று மாமியார் சொன்னார். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. நிவேதா பிறந்த பிறகும் நான் வரவில்லையே. அப்போது யார் தடுத்தார்கள்?

நிவேதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "இப்பவாவது போலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

போன ஞாயிறு உன் வீட்டுக்குப் போனோம் ஸ்டெல்லா. ஓட்டு வீடு இல்லை இப்போது, மாடி கட்டியிருக்கிறார்கள். உன் அண்ணன் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர். உன் அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, காது நன்றாகக் கேட்கிறது. "ஸ்டெல்லா கூட வேலை செஞ்ச கோகிலா வந்திருக்காங்கம்மா" என்று அண்ணன் சொன்னதும், "வாங்க அம்மணி" என்று என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார்.

நிவேதா போனில் அந்த ஆல்பத்தைப் போட்டாள். முதல் பாட்டு பாதி ஓடும்வரை அம்மா காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு, "இந்தப் பொம்பள இன்னும் பாடிட்டேதான் இருக்குதா?" என்றார். "எம்புள்ள ஆஸ்பத்திரியிலயும் இதத்தான் கேட்டுட்டுக் கெடந்தா."

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சொல்ல வந்ததைச் சொல்லத் தொடங்கினேன். நோம்பி, கண்ணாடி டம்ளர், நான் ஜன்னலுக்குள் நின்றது, எல்லாம். அண்ணன் குழம்பிப்போய், "இல்லீங்களே, உங்க ஊட்டுல கறிச்சோறு போட்டு ரொம்ப நல்லா கவனிச்சாங்கன்னுதானுங்க சொன்னா" என்றார்.

அப்படியா சொன்னாய்? யாரைக் காப்பாற்ற அப்படிச் சொன்னாய் புள்ள, உன் அம்மாவையா, என்னையா?

அம்மா என் கையை விடாமல் சொன்னார். "எனக்கு அன்னைக்கே தெரியும் அம்மணி. வந்ததும் வராததுமா சட்டியில இருந்த பழைய சோத்த எடுத்து வெச்சு உக்காந்தா. கறிச்சோறு தின்னவ அப்படித் திம்பாளா? அவ சொன்னா, நானும் செரீன்னுட்டேன்."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நிவேதா நிறுத்தப் போனாள். "இருக்கட்டும் கண்ணு, முடியட்டும்" என்றார் அம்மா. முழு ஆல்பத்தையும் நாலு பேரும் உட்கார்ந்து கேட்டோம். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ பாட்டு வந்து போய்விட்டது. இது ஏன் பழசாகவில்லை என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. இது யாருடைய துக்கத்தையும் சரி செய்ய வருவதில்லை. பக்கத்தில் வந்து உட்காருகிறது, அவ்வளவுதான். அன்றைக்கு நான் செய்யத் தவறியதும் அவ்வளவுதான்.

என் அம்மா உயிரோடுதான் இருக்கிறார். அந்த நாளைப் பற்றி அவரிடம் நான் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. வயதானவர், விடு என்கிறான் தம்பி. விடப்போவதில்லை ஸ்டெல்லா. வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக் கூடத்தில், தம்பி குடும்பமும் இருக்கும்போது, உன் பெயரையும் உன் ஊரின் பெயரையும் உரக்கச் சொல்லி அன்றைக்கு நடந்ததைச் சொல்வேன். அவர் என்ன பதில் சொன்னாலும் சொல்லி முடிக்காமல் எழுந்து வரமாட்டேன்.

உனக்கு அக்காளாகவோ தங்கையாகவோ நின்றிருக்க வேண்டிய,
கோகி