நிற்காத பந்து

நவம்பர் 7, வெள்ளி
மழை, விட்டு விட்டு. பிராட்வே கடைத்தெருவில் கோல்ஃப் பந்து தேடல். அண்ணனுக்கு பேக்ஸ்பின் வேண்டும்: புல்லில் விழுந்த பந்து ஓடாமல் நிற்க வேண்டும். அவனிடம் இருப்பவை மைதானக் குளத்தில் பொறுக்கியவை. எல்லாம் கெட்டித்தோல்.

கடைச் சேட்டன் இரண்டை என் கையில் வைத்தார். "தூரம் போணோ, நிக்கணோ? ரெண்டும் கூடி கிட்டில்ல மோனே." இரண்டும் சேர்ந்து கிடைக்காதாம்.

மென்தோல். நகம் லேசாகப் பதிகிறது. மட்டையின் வரிப்பள்ளங்கள் இதைக் கவ்விச் சுழற்றுமாம். மூன்று வாங்கினேன்.

பைக் விபத்துக்குப் பிறகு அண்ணன் மணிக்கட்டில் தகடு. கோல்ஃப் மைதானத்தில் பிறர் பை சுமக்கிறான். ஞாயிறன்று பை சுமப்பவர்களுக்குப் போட்டி. ஜெயித்தால் உதவிப் பயிற்சியாளர் வேலை.

"கை சரியாத்தான் இருக்கு. பந்துதான் கொள்ளாது, மோசம்" என்கிறான்.

நவ. 8, சனி
வாசிப்பு ஓடவில்லை. உப்புக்காற்று. அம்மா சனிதோறும் தேங்காயெண்ணெய்த் துணியுடன்: அரிவாள்மணை, பூட்டு, கண்ணில் படும் இரும்பெல்லாம்.

அண்ணன் புதுப்பந்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். சிரித்தான். எத்தனை நாளாயிற்று.

நவ. 9, ஞாயிறு
வெயில். இன்று அவன் பையை நான் தூக்கினேன். கடைசிக் குழிவரை இன்னொருவனுடன் சமநிலை. நாள் முழுதும் தொடாத, கிட்டத்து அடிக்கான வெட்ஜ் மட்டையை எடுத்தான். எனக்கு முதுகு காட்டி வெகுநேரம் நின்றான். அடித்தான்.

பந்து கொடியருகே விழுந்தது. நிற்கவில்லை. சரிவு. தண்ணீர்.

"எடா கண்ணா, பந்து குளிக்கான் போயி!" யாரோ. சிரிப்பு.

வீடு திரும்பும் படகில் அண்ணன் வலக்கையைச் சட்டைக்குள் வைத்திருந்தான். "கை போச்சுடா."

நவ. 10, திங்கள்
பையை உலர்த்தினேன். வெட்ஜின் கழுத்தில் பிசுபிசுப்பு. தேங்காயெண்ணெய் வாசனை.

"துருப்பிடிச்சுரும்னு நாந்தான் போட்டேன். ஏண்டா?"

"ஒண்ணுமில்லம்மா."

எண்ணெய் பட்டால் எந்தப் பந்தும் வழுக்கும். அப்படியென்றால் கை போகவில்லை! சாயாக் கடைக்கு ஓடினேன். மூச்சிரைக்க அண்ணனிடம் சொன்னேன்.

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். "தெரியும். அங்கயே மணம் வந்துச்சு. பள்ளம் பள்ளமா தொடச்சிட்டுத்தான் அடிச்சேன்."

பிறகு, "அம்மாகிட்ட எதுவும் சொல்லாதே."

நவ. 15, சனி
மீண்டும் மழை. மிச்சம் இரண்டு பந்து, அலமாரியில். அம்மா எண்ணெய்த் துணியுடன் வந்தாள். அண்ணன் வெட்ஜை இடக்கையால் எடுத்து அவளிடம் நீட்டினான்.

"இதுக்கும் போடும்மா."