சிந்தியாவின் பேச்சுத் தேர்வு

தொம்மலூர்,
பெங்களூரு.
ஆகஸ்ட் 7

அன்புள்ள சிந்தியா டாடிக்கு,

டோரதி எழுதுவது. மஸ்கட்டில் வெயில் எப்படி இருக்கிறது? மொட்டை மாடியில் ஏசி மாட்டும் வேலையாயிற்றே, தலையில் ஈரத்துணி இல்லாமல் ஏறாதீர்கள். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை.

போனில் பேசலாம் என்றால் நம் வீட்டில் இருப்பது ஒரே அறை, சிந்தியா எப்போதும் பக்கத்தில் இருக்கிறாள். அதனால் ஸ்கூல் ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதி, படம் பிடித்து உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடுங்கள்.

ஜூனில் உங்களிடம் ஒரு பொய் சொன்னேன். ஐஈஎல்டிஎஸ் இங்கிலீஷ் பரீட்சைக்கு அவள் சரியாகப் படிக்கவில்லை, அதனால் மார்க் குறைந்துவிட்டது என்றேன். அப்படியில்லை. கேட்டு எழுதுவதில் ஒன்பதுக்கு எட்டு, வாசிப்பில் எட்டு, கட்டுரையில் ஏழு. பேச்சில் மட்டும் ஐந்தரை. அவள் சேர ஆசைப்படும் அயர்லாந்துக் கல்லூரியில் ஒவ்வொன்றிலும் ஆறரை கேட்கிறார்கள்.

அன்றைக்கு நடந்ததை என்னிடம் சொல்லவே அவளுக்கு இரண்டு வாரம் ஆனது. நீ மதிக்கும் ஒருவரைப் பற்றி இரண்டு நிமிடம் பேசு என்றார்களாம். உங்களைப் பற்றிப் பேசத்தான் நினைத்தாளாம். 'டாடி' வரவில்லை. 'ஃபாதர்' என்று மாற்றிப் பார்த்தாள், அதுவும் வரவில்லை. கடைசியில் வாயில் வந்தது 'அங்கிள்'. வேறு வழியில்லாமல் எதிர்வீட்டு ஓஸ்வால்ட் அங்கிளைப் பற்றிப் பேசியிருக்கிறாள். அவரைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்? தினமும் காலையில் ஸ்கூட்டரைத் துடைப்பார் என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டாளாம்.

திக்குவாய் சின்ன வயதோடு போய்விட்டது என்று நினைத்தோமே, போகவில்லை. வராத சொல்லைத் தள்ளிவிட்டு, வருகிற சொல்லைப் போட்டுப் பேசப் பழகியிருக்கிறாள். ஹோட்டலில் தோசை சாப்பிட ஆசையாக இருந்தாலும் இட்லி என்றுதான் கேட்பாளாம். இத்தனை வருடமாக அவளுக்கு இட்லிதான் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெற்றவள் நான்.

இப்போது குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு இங்கிலீஷ் பேசிப் பழகுகிறாள், எனக்குக் கேட்கக் கூடாதென்று. தொட்டி காலியாகிறது என்று மேல்வீட்டு ஷோபா சண்டைக்கு வருகிறாள். அவளிடம் எதைச் சொல்வது?

கோச்சிங் சென்டரில் வெங்கடராமன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். "திக்கறவங்களுக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் குடுத்தா பேச டைம் கூடக் குடுப்பாங்க மேடம். உங்க பொண்ணுதான் ஒத்துக்க மாட்டேங்குது" என்றார். வீட்டுக்கு வந்து மெதுவாகக் கேட்டேன். "எனக்கு ஒண்ணுமில்ல மம்மி" என்று எழுந்து போய்விட்டாள்.

அக்டோபர் முடிவதற்குள் கல்லூரிக்கு மார்க் அனுப்பியாக வேண்டும். ஆகவே அவளுக்குத் தெரியாமல், சின்ன வயதில் அவளைக் கூட்டிப் போன பேச்சுப் பயிற்சியின் சீட்டுகளை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகப் போகிறேன். செய்வது சரியா தப்பா என்று தெரியவில்லை. எங்கள் இருவருக்காகவும் ஜெபியுங்கள்.

உங்கள்
டோரதி


தொம்மலூர்,
பெங்களூரு.
அக்டோபர் 7

அன்புள்ள சிந்தியா டாடிக்கு,

ஆஸ்பத்திரி விஷயத்தை அப்புறம் சொல்கிறேன், அப்புறம் சொல்கிறேன் என்று போனில் தள்ளிக்கொண்டே வந்தேன். உங்களுக்கும் கோபம் இருக்கும். இப்போது முழுவதும் எழுதுகிறேன்.

பெண்ணை நேரில் பார்க்காமல் சர்ட்டிபிகேட் தர முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நியாயம்தான். இன்னொரு நாள் குறித்துக் கொடுத்தார்கள். கவுண்டரில் பேஷண்டின் போன் நம்பர் கேட்டபோது நான் பாட்டுக்கு அவள் நம்பரைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலமே ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்குப் போன் போய்விட்டது.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் எதிரில் வந்து உட்கார்ந்து, "அயர்லாந்துக்கு வந்தும் எனக்குப் பதிலா நீயே பேசுவியா மம்மி?" என்றாள். நான் ஒரே வரியில் எழுதிவிட்டேன். அவள் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? நடுவில் நான் வாயைத் திறந்தேன். கையை நீட்டி நிறுத்தினாள். கண்ணில் நீர் வழிய, கடைசிச் சொல்வரை அவளே சொன்னாள்.

மூன்று நாள் என்னோடு பேச்சில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள், கழுவி வைத்தாள், அவ்வளவுதான். அயர்லாந்துக்குப் போவதே வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ, என்னால் கெட்டதோ என்று நான் தூங்கவில்லை. நான்காம் நாள் காலையில் சுடிதாரை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். எங்கே என்று கேட்கும் தைரியம் எனக்கில்லை. மத்தியானம் வந்து சர்ட்டிபிகேட்டை டேபிளில் வைத்தாள். "இது நான் கேட்டு வாங்கினது" என்றாள். டாக்டரிடம் என்ன பேசினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போன வாரம் பேச்சுத் தேர்வு. வாசல்வரை போனேன். அதற்குமேல் வராதே என்றாள். பக்கத்துச் சர்ச்சில் போய் முழங்காலில் நின்றேன், ஜெபமே வரவில்லை. வெளியே வந்து ரோட்டையும் வாட்சையும் பார்த்துக்கொண்டு நின்றேன். மற்றப் பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டார்கள். இவள் மட்டும் வரவில்லை. கூடுதல் நேரம் என்று தெரிந்தும் மறுபடி அந்த வாசலுக்கே போனேன்.

வந்தாள். முகமெல்லாம் வியர்வை. உள்ளே போனதும் முதல் வேலையாக, எனக்குத் திக்கும், கொஞ்சம் காத்திருங்கள் என்று இங்கிலீஷில் அவளே சொன்னாளாம். கேள்வி கேட்ட அம்மா தலையாட்டிவிட்டு அமைதியாகக் காத்திருந்தார்களாம். நிறைய இடத்தில் நின்றாளாம். ஆனால் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லையாம்.

நேற்று ரிசல்ட் வந்தது. மார்க்கை நான் எழுத மாட்டேன், அதை அவள் வாயால் நீங்கள் கேட்க வேண்டும். ஜனவரியில் ஏர்போர்ட்டுக்கு நீங்களும் வரும்படி லீவுக்குச் சொல்லி வையுங்கள் என்று மட்டும் எழுதுகிறேன். சந்தோஷம்தான். ஆனால் அந்த ஊர்க் கடையில் இவள் ரொட்டி கேட்டு நிற்கும்போது, பின்னால் வரிசையில் இருப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்களா? அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை உங்கள் லீவு நாளில் கூப்பிடுவாள். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் நிற்கிற இடத்தில், அடுத்த சொல் என்ன என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தாலும் சொல்லிவிடாதீர்கள். பாவம் கஷ்டப்படுகிறாளே என்று நாம் இருவரும் பாசத்தில்தான் செய்தோம், இத்தனை வருடமும். இனிமேல் வேண்டாம். போனில் சத்தமே இல்லாமல் போகும். லைன் கட்டாகிவிட்டது என்று ஹலோ, ஹலோ என்று கூப்பிடாதீர்கள். கட்டாகியிருக்காது. அவள் அங்கேதான் இருப்பாள்.

ஆண்டவர் உங்களுக்குப் பொறுமையைத் தரட்டும், எனக்கும்.

உங்கள்
டோரதி