முப்பத்து நாலே வயது

என் ஆசை அண்ணனுக்கு,

நீ போய் நாற்பத்தோரு நாள் ஆகிவிட்டது. நம் தேங்காய்ப்பட்டணம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாயிற்று. நான் நர்ஸ் படிக்கும் திருவனந்தபுரம் இனி வேறு ராஜ்யமாம்.

நேற்று வகுப்பில் டாக்டர் தசையைப் பற்றிச் சொன்னார். பாடுபடும் தசைதான் நம் மூச்சுக்காற்றை அதிகம் எரிக்கிறதாம். அடுப்பெரிந்தால் கரி படிகிற மாதிரி, அந்த எரிப்பிலும் உடம்பை அரிக்கும் ஏதோ ஒன்று மிஞ்சுகிறது என்று சிலர் சந்தேகிக்கிறார்களாம். நல்ல சோறும் ஓய்வும் இருந்தால் உடம்பு சரிசெய்துகொள்ளும். இல்லாவிட்டால் அந்த அரிமானம் தசையோடு நிற்காது, ஆளையே கிழவனாக்கிவிடும் என்றார். முடிவாகத் தெரியாது என்றும் சொன்னார். எனக்குத் தெரியும், அண்ணே.

அப்பாவைக் கடல் கொண்டபோது உனக்குப் பதினாறு, எனக்கு இரண்டு. அன்று கரைமடிக் கயிற்றைப் பிடித்தவன் பதினெட்டு வருஷம் விடவில்லை. கரையில் நின்று கடலிலிருந்து வலையை இழுத்து இழுத்து ஓடாய்த் தேய்ந்தாய். கஞ்சியோடு இருந்த ஒரு துண்டு மீனையும் எனக்கு ஒதுக்கினாய். முப்பதிலேயே தலை வெளுத்து முதுகு கூனிவிட்டது. உன் கூட்டாளிகளே தாத்தாவை அழைப்பதுபோல் "பாட்டா" என்று கூப்பிட்டார்கள். நீயும் சிரித்தாய்.

போன வருஷம் கருவாட்டுப் பொதியோடு விடுதிக்கு வந்தாயே, நினைவிருக்கிறதா? வார்டன் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வருகைப் புத்தகத்தில் உறவு என்ற இடத்தில் "அப்பா" என்று அவராகவே எழுதினார். தோழிகள் பக்கத்தில் நின்றார்கள். இவன் என் அண்ணன் என்று சொல்ல வெட்கப்பட்டு நான் வாயைத் திறக்கவில்லை. நீ பெருவிரலை வைத்தாய். கயிறு தேய்த்த விரல், ரேகையே விழவில்லை.

வாசலில் வந்து கேட்டாய்: "ஏட்டி, அந்த அம்மா என்ன எழுதினாவ?"

"அண்ணன்னுதான்."

"நல்லா படி, மக்கா."

கயிற்றைப் பிடித்தபடியே நீ சாய்ந்துவிட்டாய் என்று கேட்டு நான் பஸ் பிடித்து வருவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. உன் சிலுவையில் வயது ஐம்பத்தைந்து என்று எழுதியிருந்தார்கள்.

"பாத்தா அம்பத்தஞ்சு இருக்கும்லா" என்றார் அதை எழுதிய கோயில்பிள்ளை, மாதாகோயில் வேலைக்குப் புதிதாக வந்தவர்.

ஞானஸ்நானப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னேன். முப்பத்து நாலு. அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவரை என்ன குறை சொல்ல? தெரியாமல் எழுதினார். நானோ அன்று விடுதியில் தெரிந்தே நின்றேன்.

சிலுவையில் திருத்திவிட்டேன். நாளை வார்டனிடம் அந்தப் பழைய புத்தகத்தைக் கேட்பேன். தோழிகள் எல்லோரும் பார்க்க "அப்பா" என்பதை அடித்து, நான் உன்னிடம் சொன்ன பொய்யை அங்கே உண்மையாக எழுதி வைப்பேன்.

உன் தங்கை