பதில் கொண்டுவரும் ஒயர்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். இருமல் விட்டுவிட்டது. நீயும் பாப்பாவும் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்?

இங்கே பெரிதாக ஒன்றுமில்லை. என் பழைய கடைசல் மிஷின்தான் நான்கு நாளாகப் படுத்துகிறது. கம்ப்யூட்டரிலிருந்து புரோகிராம் அனுப்பினால் பாதி வழியில் காணாமல் போகிறது. "மிஷின் தயார்னு கம்ப்யூட்டர் காட்டுதே, அப்புறம் என்ன?" என்று சூப்பர்வைசர் என்னைத்தான் பிடுங்குகிறார்.

நேற்று கேபிளின் முனையைக் கழற்றினேன். "அனுப்பலாமா?" என்று கேட்கும் ஒயரையும், "அனுப்பு" என்று பதில் வரவேண்டிய இடத்தையும் யாரோ கம்ப்யூட்டர் பக்கமே சேர்த்துப் பற்றவைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் தானே கேட்டு, தானே பதில் சொல்லி, அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. மிஷின் "கொஞ்சம் பொறு" என்றது அதன் காதில் விழவே இல்லை. கண்டுபிடித்தும் பிரயோஜனமில்லை. மிஷினின் பதிலைக் கொண்டுவரும் ஒயரே அந்தக் கேபிளுக்குள் கிடையாது. வேறு கேபிள் வர மூன்று வாரமாம். அதுவரை மிஷினும் நானும் சும்மா நிற்கிறோம்.

நீ டாக்டரிடம் கட்டியைக் காட்டிவிட்டு வந்த அன்று போனில், "ஒண்ணுமில்லதானே? சரி சரி, உடம்பப் பாத்துக்க" என்று நானே கேட்டு, நானே சொல்லி, வைத்துவிட்டேன். நீ ஏதோ சொல்ல ஆரம்பித்தாய்.

பீரோ மேலிருக்கும் என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. ஷிப்ட் சங்கு ஊதிவிட்டது, போக வேண்டும். கண்ணாடிக் கூட்டுக்குள், டாக்டர் சொன்னதை அவர் சொன்னபடியே ஒரு தாளில் எழுதி வை. தாளில் என்றால் நான் குறுக்கே பேச முடியாது.

பாப்பாவின் அப்பா