அந்தத் துவக்கைக் கட்டியது நீ இல்லை, அண்ணே

என் கூடப் பிறந்த அண்ணனுக்கு,

உன்னை மானாப் புல்லுக்குள் கண்டெடுத்து இன்றோடு நாற்பது நாள் ஆகிறது. உன் வலது தொடையில் சதை எது, எலும்பு எது என்று தெரியவில்லை. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து உன் காலை இறுக்கினேன். நொடியில் அது இரத்தத்தில் ஊறிக் கனத்துப் போனது. "தண்ணி" என்று கேட்டாய். ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்கு ஓடித் திரும்பி வருவதற்குள் போய்விட்டாய். ஏன் அண்ணே, அந்தக் கொஞ்ச நேரம் உனக்குப் பொறுக்கவில்லையா?

இதை ஊரறிய எழுதக் காரணம் இருக்கிறது. பொலிஸ் புத்தகத்தில் உன் பெயருக்கு நேரே ஒரு பொய் இருக்கிறது. பன்றி நடக்கிற தடத்தில் கம்பியை இழுத்து, கால் பட்டால் வெடிக்கும்படி துப்பாக்கியை ஒளித்து வைப்பார்களே, அந்தக் கட்டுத்துவக்கை நீயே கட்டப் போனாயாம். கை தவறி வெடித்து நீயே செத்தாயாம்.

நீயா? நமுனுகுல மலையடியில் நம் தோட்டத்தைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமைகளில் சுருக்குக் கம்பி தேடி நடந்தவன் நீ. ஊற்றுக்கு மேலே மரம் வைத்து, நம் பீலி வற்றாமல் காத்தவன் நீ. ஒருத்தனையும் மேலிடத்தில் காட்டிக் கொடுத்ததில்லை. அறுத்த கம்பியைச் சுருட்டிக்கொண்டு கட்டினவன் வாசலுக்கே போவாய். "இந்தாப்பா ஒங்க கம்பி. கொடி கட்டி, வீட்டுல சேலை காயப் போடச் சொல்லு" என்பாய். இன்றைக்கும் லயத்து வரிசை வீடுகளில் பாதித் துணி அந்தக் கம்பிகளில்தான் காய்கிறது. வெட்கப்பட்டுத் திருந்துவார்கள் என்று நம்பினாய். எனக்கு அது அப்போதே பிடிக்கவில்லை. சிலருக்கு வெட்கம் வரவில்லை அண்ணே, வஞ்சம்தான் வந்தது.

சிறுத்தைப் புலி கம்பியில் மாட்டிய நாள் உனக்கு மறந்திருக்காது. கம்பி இடுப்பை அறுத்து உள்ளே இறங்கியிருந்தது. கம்பியைக் கடித்துக் கடித்துப் பல் உடைந்து, வாயெல்லாம் இரத்தம். ஆளாளுக்கு அலவாங்கும் தடியுமாக ஓடி வந்தார்கள். நீ குறுக்கே போய் நின்றாய். புலிக்கு ஓங்கிய தடி உன் வாயில் விழுந்து உன் முன்பல்லும் போனது. இரத்தத்தைத் துப்பிவிட்டு, "மொதல்ல என்னய அடிச்சு முடிங்கடா" என்றாய். மிருக டாக்டர் வருவதற்குள் புலி செத்துவிட்டது. உன்னை அடித்தவனின் மனைவிக்குப் பிரசவ வலி வந்தபோது, கம்பளியில் தூக்கிக்கொண்டு லொறிப் பாதை வரை ஓடியதும் நீதான். அப்படி ஒரு பைத்தியக்காரன் நீ.

உன் சாவு வீட்டில் மச்சான்மார் கோடி போட வேண்டிய நேரம் வந்தது. என் வீட்டுக்காரர் புதுத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். மூன்று தரம் கூப்பிட்டும் உன் பக்கத்தில் வரவில்லை. துக்கம் தாங்கவில்லை என்று எல்லாரும் அவரைத் தேற்றினார்கள். நானும்தான் தேற்றினேன்.

மறுநாள் காலையில் அடுப்படியில் வந்து உட்கார்ந்து சொன்னார். "பன்னிக்குத்தான் கட்டுனேன் புள்ள. கம்பிய கட்டுனா ஒங்கண்ணன் அறுத்துப் போடுறாரு. அதான் துவக்கு வச்சேன். அந்தப் பக்கம் வருவாருன்னு நெனைக்கல."

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்தேன். அவர் விலகவில்லை. கதவு நிலை, அரிசிப் பானை, கட்டில் கால் என்று கைக்கு எட்டியதையெல்லாம் கொத்தினேன். அவர் கழுத்தை மட்டும் விட்டேன். ஏன் விட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் கதவுக்கு வெளியே கத்திக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் கேட்டு லயமே கூடிவிட்டது. விஷயத்தைக் கேட்டதும் தோட்டத் தலைவர் வந்து நிதானமாகப் பேசினார். "செத்தவருக்கு என்னம்மா செறை? இருக்குறவனுக்குத்தான் செறை. அண்ணன் கட்டுனதாவே இருக்கட்டும். உம் புள்ளைங்கள நெனச்சுப் பாரு." ஒருவர்கூட மறுக்கவில்லை. உன் வீட்டில் மயங்கிக் கிடந்த அண்ணியிடம் மட்டும் யாரும் இதைச் சொல்லவில்லை. நீ யார் யாரைக் காட்டிக் கொடுக்காமல் விட்டாயோ, அவர்கள் எல்லாரும் சேர்ந்து உன்னைக் காட்டிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பொலிஸ்காரர், "துவக்கு ஒங்க அண்ணனுடையதா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். உன் தங்கை தலையாட்டினேன் அண்ணே.

இப்போது மேல் மலையில் கம்பி அறுக்க ஆளில்லை. போன வாரம் ஒரு மரை மான், கழுத்தில் கம்பியோடு தேயிலைக்குள் ஓடிவந்து எங்கள் முன்னாலேயே உதைத்து உதைத்துச் செத்தது. கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு நான் அலறினேன். மற்றவர்கள் கறிக்குக் கத்தி தேடினார்கள்.

அதையெல்லாம்கூடத் தாங்கியிருப்பேன். நேற்று அண்ணி வந்தாள். உன் வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "உண்மையச் சொல்லு. அவரும் திருட்டுத்தனமா வேட்டையாடிக்கிட்டுத்தான் இருந்தாரா? இத்தனை வருஷமா என்கிட்ட மறைச்சிட்டாரா?"

உன்னோடு வாழ்ந்தவளே உன்னைச் சந்தேகப்பட்டுவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி என்னை அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். என் உதடு கிழிந்தது. நான் தடுக்கவில்லை. கை ஓய்ந்த பிறகு என்னைக் கட்டிக்கொண்டு, உன்னைத் தூக்கிய அன்றைக்குக்கூட அழாத அழுகையை அழுதாள்.

நாளைக்குப் பதுளைக் கோர்ட்டில் உன் மரண விசாரணை. அங்கே உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று வீட்டுக்காரரிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன். "புள்ளைங்க?" என்று மட்டும் கேட்டார். "அதுங்களுக்கு மாமா யாருன்னு தெரியட்டும்" என்றேன். அவர் வாசலில் உட்கார்ந்து உன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓடிப் போகவில்லை. அதற்காக அவரை மன்னிக்க வேண்டுமா அண்ணே? நீயாக இருந்தால் மன்னித்திருப்பாய். என்னால் முடியாது.

துவக்கு யாருடையது என்று கேட்பார்கள். என் புருஷனுடையது என்று சத்தமாகச் சொல்வேன். பொய் சொன்னதற்கு என்னையும் உள்ளே வைத்தால் வைக்கட்டும். உன் பெயரைக் கழுவாமல் அந்தக் கோர்ட்டு வாசலை விட்டு இறங்க மாட்டேன். இது சத்தியம்.

உன்னைக் கொன்றவரின் மனைவி,
அதற்கு முன்பே உனக்குத் தங்கையாகப் பிறந்தவள்,
செல்வமணி