ஸாஃபியின் பழைய சிரிப்பு

ஷுப்ரா, கெய்ரோ
12 அக்டோபர் 2024

என் ஸாஃபி கண்ணுக்கு,

கழுத்துத் தையல் ஆறியதா? கூழையும் சூப்பையும் விட்டு மீன் பக்கம் வந்துவிட்டாயா? இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், அதையே நலம் என்று வைத்துக்கொள்.

குரல்பதிவு அனுப்பியே பழகியவர்கள் நாம். உன்னால் பேச முடியாதபோது நான் மட்டும் வாய் ஓயாமல் பேசி அனுப்ப மனசு ஒப்பவில்லை. கைப்பேசியில் எழுதினாலோ, வாடிக்கையாளர்களின் "எப்போ முடியும்?"களுக்கு நடுவே நீயும் மூழ்கிவிடுவாய். அதனால் மின்னஞ்சலில், அந்தக் காலத்து மாதிரி, கடிதமாகவே எழுதிக்கொள்வோம்.

எனக்குத் தலைக்கு மேல் வேலை. காலையில் ஒரு பல் டாக்டரின் வெற்றிக் கதையை அவரே எழுதியதுபோல எழுதித் தருகிறேன். மதியம் ரமலான் மாத டிவி தொடர் எழுதும் கூட்டத்தில் உட்காருகிறேன். ஐந்து பேர் எழுதுகிறோம், திரையில் ஒருவர் பெயர்தான் வரும், அது என் பெயர் இல்லை. என் நாவலில் வரும் தபால் அலுவலக விதவை மூன்று மாதமாக மாடிப்படியிலேயே நிற்கிறாள். அவளை மேலே ஏற்றவும் நேரமில்லை, கீழே இறக்கவும் நேரமில்லை.

நேற்று நம் 'லிஃப்ட் ஓடவில்லை' பாட்காஸ்ட்டைப் பதிவு செய்ய, சத்தம் குறைவான நம் துணி அலமாரிக்குள் போய் உட்கார்ந்தேன். கம்பளிகளுக்கு நடுவே உன் ஸ்டூல் காலி. ஒரு நேயரின் கடிதத்தைப் படித்துவிட்டு வழக்கம்போல உன் பக்கம் திரும்பினேன். பதிலுக்குத் தெருவில் காஸ் சிலிண்டர்காரன் ஸ்பானரால் தட்டினான். அழுகை வந்துவிட்டது, ஸாஃபி. ஆறு வருஷமாக இரண்டு பேராகப் பேசிய இடம் அது. உன் ஸ்டூலில் வேறு ஒருத்தியை உட்காரவைக்க மாட்டேன், சத்தியம்.

அம்மாவின் கைகளுக்கு என் முத்தம்.

உன் நெவீன்


போர்ட் சயீத்
20 அக்டோபர் 2024

அன்பு நெவீனுக்கு,

தையல் ஆறிவிட்டது. தைராய்டுக் கட்டியோடு குரலும் போனதுதான் ஆறவில்லை. குரலுக்குப் போகும் நரம்பு தூங்குகிறதாம். "எழுந்தாலும் எழுந்திரிக்கும், எழுந்திரிக்காமலும் போகலாம், ஆண்டவன் சித்தம்" என்கிறார் டாக்டர். டாக்டரே ஆண்டவனைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், நாம் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று எனக்குத் தெரியாதா?

இப்போது எனக்கு வருவது வெறும் காற்று. மீன் சந்தையில் "மத்தி எவ்வளவு?" என்று கிசுகிசுத்தேன். மீன்காரரும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதருகே வந்து கிசுகிசுத்தார்: "உங்களுக்கு மட்டும்தான் இந்த விலை. வெளிய சொல்லிடாதீங்க." அம்மா நேர் எதிர். பேச்சு போனால் காதும் போய்விடும் என்று அவர் நினைப்பு. "ஸாஃபீ! சோறு போடட்டுமா!" என்று கத்துவது படகுத்துறை வரை கேட்கும்.

விளம்பரக் குரல், டப்பிங் எல்லாம் போயிற்று. இப்போது மற்றவர்களின் பேட்டிகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். நாள் முழுக்க ஊரார் பேச்சு என் விரலில் ஓடுகிறது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், நான் பத்து விரலை வைத்துப் பிழைக்கிறேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நேயர்களிடம் உண்மையைச் சொல்லிவிடு. ஸாஃபினாஸுக்குக் குரல் போய்விட்டது, திரும்பினால் அவளும் திரும்புவாள் என்று. நீ தனியாகவே பேசு, எனக்கு வருத்தமில்லை. நான் பேசத் தெரிந்தவள் என்பதற்கு மிச்சமிருக்கும் ஒரே இடம் அந்த அலமாரிதான். அங்கே எனக்காகப் பொய் இருக்க வேண்டாம்.

உன் ஸாஃபி


ஷுப்ரா
17 நவம்பர் 2024

என் கண்ணே ஸாஃபி,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. தொடரில் பன்னிரண்டாம் பகுதியைத் திருப்பி எழுதச் சொல்லிவிட்டார்கள். கதாநாயகி சாகக்கூடாதாம். அவளை அடக்கம் செய்து இரண்டு பகுதி ஆகிவிட்டது என்றால் யார் கேட்கிறார்கள்?

நீ சொன்னபடி உண்மையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன், மரியாதைக்கு, நமக்கு விளம்பரம் தரும் தேயிலைக் கம்பெனி மம்தூஹிடம் ஒரு வார்த்தை சொன்னேன். மனுஷன் பதறிப்போனார்.

"ஐயோ மேடம்! ஒப்பந்தத்துல ரெண்டு பொண்ணுங்கன்னு இருக்கு. எங்க விளம்பரமே ரெண்டு கப்புதான். ஒருத்தி மட்டும் தனியா டீ குடிச்சா அது சோகம் மேடம், அதை வச்சு நான் எப்படி தேயிலை விக்கிறது?"

"அவளுக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆயிருக்குங்க."

"ஆண்டவன் குணமாக்கட்டும். குணமாகிற வரைக்கும் ரெண்டு பேர் இருக்கிற மாதிரி பாத்துக்கங்க. உங்களுக்குத் தெரியாத வேலையா?"

என்ன செய்வேன் சொல். அந்தக் கம்பெனி போனால் நிகழ்ச்சியே போய்விடும், நீ திரும்பி வரவும் இடம் இருக்காது. பழைய பதிவுகளிலிருந்து வெட்டிப்போட்ட உன் துண்டுகளையெல்லாம் நான் தூக்கி எறியவில்லை. அதிலிருந்து இரண்டு 'ம்', ஒரு 'அப்புறம்?', ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் எடுத்துச் சேர்த்தேன். வியாழக்கிழமை வெளிவந்தது. கேட்டுப் பார், ஒட்டே தெரியாது. உன் சிரிப்பு வந்த இடத்தில் எனக்கே உடம்பு சிலிர்த்தது.

கோபித்துக்கொள்ளாதே. உன் இடத்தில் துண்டு போட்டு வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

உன் நெவீன்


போர்ட் சயீத்
24 நவம்பர் 2024

நெவீன்,

கேட்டேன். நான் கேட்பதற்கு முன்னால் அம்மா கேட்டுவிட்டார்.

நான் உள்ளறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அம்மா சமையலறையில் முலூகியா நறுக்கிக்கொண்டே நம் நிகழ்ச்சியைப் போட்டிருக்கிறார். திடீரென்று ஒரு குலவைச் சத்தம். என் கல்யாணப் பேச்சு முறிந்த பிறகு இந்த வீட்டில் யாரும் குலவையிட்டதில்லை. "பேச்சு வந்துருச்சு! எம்பொண்ணுக்குப் பேச்சு வந்துருச்சு! என்கிட்டகூடச் சொல்லாம கெய்ரோவுக்குப் போன்ல பேசியிருக்கா, கள்ளி!" என்று கத்தியபடியே ஓடி வந்து, நறுக்கிய கீரை ஒட்டிய கையால் என் முகத்தைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் எதிர்வீட்டிலிருந்தும் மேல்மாடியிலிருந்தும் பெண்கள் வந்துவிட்டார்கள். பின்னால் யாரோ சர்பத் கரைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"எங்கே, ஒரு வார்த்தை பேசு, கேக்கட்டும்" என்றார் அம்மா.

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

சர்பத்தைக் கரைத்துவிட்டார்களே என்று எல்லாரும் ஆளுக்கொரு டம்ளர் குடித்துவிட்டுப் போனார்கள். அம்மா இரண்டு நாளாக என்னிடம் கத்துவதில்லை. மெதுவாகப் பேசுகிறார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

இன்னொன்று. அந்தச் சிரிப்பை நீ எங்கே வைத்தாய் என்று தெரிந்துதான் வைத்தாயா? தன் கணவன் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டதைத் தையல் கடையில் அடுத்தவர் வாயால் கேட்டதாக எழுதியிருந்தாள் தந்தா ஊர் நேயர் ஒருத்தி. அந்த இடத்தில் நான் சிரிக்கிறேன். நான் சிரிக்க மாட்டேன் நெவீன். உனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

இனி என்னைச் சிரிக்க வைக்காதே. மனசு வலிக்கிறது.

ஸாஃபினாஸ்


ஷுப்ரா
9 ஜனவரி 2025

என் ஸாஃபிக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேனோ, எண்ணவில்லை. உன் அம்மாவின் காலில் விழத் தோன்றுகிறது. தந்தாக்காரிக்குத் தனியாக எழுதி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லம்மா, எல்லாரும்தான் சிரிச்சாங்க" என்று பதில் போட்டிருக்கிறாள். அதைப் படித்த பிறகு அன்றைக்கு ஒரு வரிகூட எழுத ஓடவில்லை.

ஆனால் நிறுத்த முடியவில்லை, ஸாஃபி. உண்மையைச் சொல்கிறேன். மம்தூஹ் ஈத் வரைக்கும் ஒப்பந்தத்தை நீட்டிவிட்டார். கையெழுத்துப் போடும்போது தொடர்க்காரர்கள் ஒரு காதில், பல் டாக்டர் இன்னொரு காதில். எதில் கையெழுத்திட்டேன் என்பதே மறுநாள்தான் உறைத்தது. நாலு அடுப்பில் நாலு சட்டி வைத்தவள் நான். ஒன்றை இறக்கப் போனால் இன்னொன்று பொங்கி வழிகிறது. எதையும் ருசி பார்க்க நேரமில்லை.

இனிமேல் வலி உள்ள கடிதம் எதிலும் உன்னைச் சேர்க்க மாட்டேன். லேசான இடங்களில் மட்டும். நேயர்கள், "ஸாஃபினாஸ் மேடம் இப்போ ரொம்பப் பக்குவமா பேசறாங்க, குறுக்கே பேசறதே இல்லை" என்று எழுதுகிறார்கள். சிரிப்பதா அழுவதா, நீயே சொல்.

ஈத் வரைக்கும் பொறுத்துக்கொள். என்னைத் திட்டியாவது எழுது.

உன் நெவீன்


ஷுப்ரா
11 மார்ச் 2025

ஸாஃபி,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ரமலான் கரீம். தொடர் ஓடிக்கொண்டிருக்கிறது, கடைசிப் பத்துப் பகுதிகள் இன்னும் எழுதி முடியவில்லை. நோன்பு திறக்கும் பீரங்கி வெடிக்கும்போது ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டே எழுதுகிறேன். விதவை இன்னும் மாடிப்படியில்தான்.

நன்றாக இருக்கிறாய் என்று மட்டும் எழுது.

நெ.


போர்ட் சயீத்
5 ஏப்ரல் 2025

என் நெவீன், என் உயிரே,

வந்துவிட்டது!

ஈத் காலையில். பெருநாள் பலகாரமான கஹ்க் அடுக்கிய தட்டை அம்மா கீழே போடப் போனார், "அம்மா, பாத்து!" என்றேன். சொன்னது யார் என்று இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். அடியே, அது என் குரல்! பழையது இல்லை. கட்டை, கரகரப்பு, மேலே ஏறாது, நீண்ட வாக்கியத்தின் பாதியிலேயே மூச்சு முடிந்துவிடும். ஆனால் என்னுடையது. அம்மா குலவையிடவில்லை, போன தடவை சூடுபட்டவர் அல்லவா. "திருப்பிச் சொல்லு, திருப்பிச் சொல்லு" என்று தட்டோடு நின்றார்.

நான் எழுதாமல் இருந்தது கோபத்தால்தான். இப்போது கோபமே இல்லை. பேச முடிகிறவளுக்குக் கோபம் எதற்கு?

இதோடு ஐந்து நிமிடப் பதிவு ஒன்று அனுப்பியிருக்கிறேன். அம்மாவின் அலமாரிக்குள், கம்பளிகளைச் சுற்றிக்கொண்டு, நம் வழக்கப்படி பேசியது. நடந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஆபரேஷன், கிசுகிசுத்த மீன்காரர், சர்பத், தந்தாக்காரியிடம் மன்னிப்பு, எல்லாம். உன்னைக் குறை சொல்லவில்லை, கவலைப்படாதே. நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்ததாகவே சொல்லியிருக்கிறேன். ஈத் முடிந்துவிட்டது, உன் ஒப்பந்தமும் முடிந்தது. வரும் வியாழன் இதைப் போடு. எதையும் வெட்டாதே, மூச்சு வாங்குவதைக்கூட.

உன் ஸாஃபி


ஷுப்ரா
18 ஏப்ரல் 2025

என் ஸாஃபிக்கு,

உன் பதிவைக் கேட்டுத் தேம்பித் தேம்பி அழுதேன். ஆண்டவனுக்கு ஆயிரம் நன்றி. இதை எழுதக் கை வரவில்லை. நேற்றைய பகுதியை நீ கேட்பதற்குள் இது உன்னிடம் வந்து சேரவேண்டுமே என்றிருக்கிறது.

மம்தூஹுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டார், பாவம், அவருக்கும் கண் கலங்கியது. அப்புறம் சொன்னார்: "மேடம், அவங்க சொல்றது நெஞ்சைத் தொடுது. ஆனா இது யாரு? நேயர்களுக்கு இவங்களைத் தெரியாதே. அவங்களுக்கு அந்தச் சிரிக்கிற பொண்ணைத்தான் தெரியும். அதோட, அஞ்சு மாசமா ஏமாத்தினோம்னு நம்ம வாயாலேயே சொன்னா, என் வேலையும் போச்சு, உங்க நிகழ்ச்சியும் போச்சு." வருஷக் கடைசி வரைக்கும் புது ஒப்பந்தத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். நான் வாதாடினேன், ஸாஃபி. வாதாடிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

மீன்காரர் கதை வீணாகக் கூடாது என்று, யாரோ ஒரு நேயர் எழுதியதாக நானே படித்தேன். நடுவில் உன் பழைய சிரிப்பு ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். பிரமாதமாக வந்திருக்கிறது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் வந்திருக்கிறது.

உன் குரல் இன்னும் தெளியட்டும். மூச்சுப் பயிற்சி செய், தேன் குடி. பழையபடி ஆனதும் ஒட்டுப்போட்டது யாருக்கும் தெரியாமலே நீ உள்ளே வந்து உட்கார்ந்துவிடலாம். அதுவரை என்னை வெறுக்காதே. நான் என்ன செய்யட்டும்? நிஜமாகவே கேட்கிறேன், என்ன செய்யட்டும்?

உன் நெவீன்


போர்ட் சயீத்
22 ஏப்ரல் 2025

நெவீனுக்கு,

நேற்று வசந்தத் திருநாள். ஊரெல்லாம் உப்பு மீன் வாடை, கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. அம்மாவை வெங்காயத்தோடும் ரொட்டியோடும் மணலில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் வீட்டுக்குத் திரும்பினேன். உன் கடிதத்துக்கு எழுதிப் பதில் சொல்லக்கூடாது, வாயால்தான் சொல்லவேண்டும் என்று தோன்றியது. ஏழு மாதத்துக்கு அப்புறம் உன்னிடம் பேசப் போகிறேன், திகைக்கட்டும் என்று, உனக்கு நம்பர் தெரியாத அம்மாவின் வீட்டுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டேன்.

எடுத்தாய். பின்னால் யாரோ எதையோ படித்துக்கொண்டிருந்தார்கள், நீ விசைப்பலகையில் தட்டிக்கொண்டிருந்தாய்.

"நெவீன், நான்தான்" என்றேன்.

"சார், மன்னிச்சுக்குங்க சார், நாளைக்குக் காலையில கட்டாயம் அனுப்பிடறேன்" என்றாய்.

"நெவீன்" என்றேன் மறுபடியும்.

"சத்தியமா சார், பாதி முடிஞ்சிடுச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

எந்த வாடிக்கையாளர் என்று நினைத்தாயோ, அவருக்கு மறக்காமல் அனுப்பிவிடு. உன்மேல் கோபமில்லை. என் பழைய சிரிப்புகளை நீயே வைத்துக்கொள், எங்கே வேண்டுமானாலும் சேர்த்துக்கொள். இனி அதைப் பற்றிக் கேட்க மாட்டேன், நிகழ்ச்சியையும் கேட்க மாட்டேன். கடிதமும் எழுதாதே.

நீ வைத்த பிறகும் நான் தொலைபேசியைக் கீழே வைக்கவில்லை. உன்னிடம் சொல்ல வந்ததையெல்லாம் மூச்சு வாங்கி மூச்சு வாங்கிச் சொல்லி முடித்தேன். அது எழுதக்கூடியது இல்லை.

ஸாஃபினாஸ்