மாமனார் வாசிக்காத கிடார்

போத்தனூர்,
12-8-1994

ஏனுங்க,

நீங்கள் பம்பாய் போய் நான்கு வருஷமாகிறது. முதல் கடிதம் வந்திருக்கிறதே என்று ஆசையாகப் பிரித்தால், என்னை விசாரிக்காமல் கிடாரை விசாரித்திருக்கிறீர்கள். "எங்கப்பா வாசிச்சது, தம்பிகிட்டக் குடுத்தனுப்பு" என்று எழுதிவிட்டால் ஆயிற்றா?

1974 தீபாவளிக்கு என் மில் போனஸில் வாங்கியது அது. நான் சொன்னதை உங்கள் தம்பி நம்பவில்லை. அதனால் கிடார் ரிப்பேர் பார்க்கும் சென்னகேசவனிடம் இரண்டு பேரும் கொண்டுபோனோம். அவர் டார்ச் அடித்து உள்ளே இருந்த நம்பரைக் குறித்து, அதைச் செய்த கல்கத்தா கம்பெனிக்கு எழுதிப் போட்டார். அவர்கள் பழைய ரிஜிஸ்டரைப் பார்த்துப் பதில் அனுப்பியிருக்கிறார்கள். அந்த நம்பர் கிடார் 1974 மார்ச்சில் செய்தது.

"அம்மணி, உங்க மாமனார் எப்பங்க தவறினாரு?" என்றார் சென்னகேசவன்.

"எழுபதுலீங்க."

"அப்ப மேலோகத்துக்கா பார்சல் போச்சுங்க?"

உங்கள் தம்பியே சிரித்துப்போட்டார்.

இப்போது நான் இரண்டு பாட்டு வாசிக்கிறேன். கேட்டதும் பக்கத்து வீட்டு நாய் எழுந்து ஓடுகிறது. நீங்கள் வாசித்தபோதும் ஓடியதுதான்.

கிடார் வராது. கம்பெனிக் கடிதத்தின் ஜெராக்ஸை இதோடு வைத்திருக்கிறேன். அங்கே யாருக்கு வாசித்துக் காட்ட ஆசைப்பட்டீர்களோ, அவளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
கிடாருக்குச் சொந்தக்காரி